ஆலையைக் காலி செய்வதற்குள்: பிளாஸ்டிக் தொழிலின் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் வழி

பிளாஸ்டிக் தொழிலின் வரலாற்றைச் சேகரிக்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், முதல் வேலையாகப் பேக்லைட் என்ற பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த டெலிபோனைத் தேடிப் பழம்பொருள் கடைக்குப் போகிறார்கள். போக வேண்டாம். டெலிபோன் பத்து ஆண்டு கழித்தும் யாருடைய பரணிலாவது கிடைக்கும். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைத்த தாளான ஆலையின் செட்டிங் ஷீட் அடுத்த வெள்ளிக்கிழமை கிடைக்காது.

நான் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவள் அல்ல. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே ஜேக்கப்ஸில், வாளியும் மூடியும் கிரேட்டும் வார்த்த ஓர் ஆலையில் தரம் பார்க்கும் மேசையில் இருந்தவள். சாட்ஸ்வொர்த்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வந்த பெண்கள் கத்தியும் கையுமாக நின்று, வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவிய தொழில் இது. ஜேக்கப்ஸ், மொபெனி, பைன்டவுன், நியூ ஜெர்மனி என்று எங்கே போனாலும் அந்த இயந்திரங்களின் பக்கத்தில் நம் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக் கதையைச் சொல்ல நம்மிடம் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது, 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலின் பெயர் இருக்கிறது. கரும்பை விட்டு ஆலைக்குள் போன தலைமுறைக்கு என்ன இருக்கிறது? ஓய்வுபெற்ற அன்று கொடுத்த சுவர்க்கடிகாரம்தான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

காகிதம்தான் முதலில். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கணக்குகளையும் பதிவேடுகளையும் ஏழு ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது. எட்டாம் ஆண்டில் ஸ்டோர் ரூமைக் காலி செய்ய லாரி வரும். ஆலை கைமாறினால் அது இன்னும் முன்பே வரும். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனைச் சுற்றி எத்தனையோ கிடங்குகள் எரிந்தன. 2022 ஏப்ரல் வெள்ளம் புரொஸ்பெக்டன் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. காகிதத்தைக் காப்பாற்ற நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்காது.

ஆலைக்குள் போக அனுமதி கேட்கும்போது "வரலாறு" என்று பெரிதாகப் பேசாதீர்கள். மேலாளருக்கு வழக்கறிஞர் ஞாபகம் வந்துவிடும். எறியப்போகும் பழைய தாள்களைப் பார்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள். சம்மதத்தை ஒரு வரி மின்னஞ்சலிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு யாரும் திருடினாள் என்று சொல்ல முடியாது.

உள்ளே போனதும் தேட வேண்டியது செட்டிங் ஷீட். ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு தாள் இருக்கும்: பிளாஸ்டிக்கை உருக்கும் பீப்பாயின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு வெப்பம், எவ்வளவு அழுத்தம், எத்தனை விநாடி குளிரவிட வேண்டும், எந்தப் பிசின் (வார்க்கும் மூலப் பிளாஸ்டிக்), அதில் கலக்கும் மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணை எவ்வளவு. பாலிபுரோப்பிலீன் என்றால் 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கும். புத்தகத்தில் இல்லாதது ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "மழை நாளில் நைலானை இன்னும் இரண்டு மணி காயவை." நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரத்தோடு வார்த்தால் பொருளின் மேல் வெள்ளிக் கோடுகள் விழும். டர்பனின் புழுக்கத்தில் அந்தப் பென்சில் வரி இல்லாமல் ஒரு ஷிப்டும் ஓடாது. ஆகவே ஷீட்டின் சுத்தமான கணினிப் பிரதி கிடைத்தாலும், எண்ணெய்க் கறை படிந்த பழைய தாளையும் விடாதீர்கள். கறை பிடித்ததுதான் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கியது.

ஒரு நோட்டு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில், ஐ.சி.ஐ. என்ற இரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் எத்திலீனை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, குழாயில் மெழுகு போன்ற ஒரு திடப்பொருள் கிடந்தது. கிப்சன் அதை நோட்டில் குறித்துவைத்தார். பாலித்தீன் பிறந்த நாளை நாம் இன்று சொல்வது அந்தக் குறிப்பை வைத்துத்தான். நம் ஆலைகளின் நோட்டுகளை யார் வைத்திருக்கிறார்கள்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சுப் பதிவேட்டில் அச்சின் உரிமையாளர் பெயர் இருக்கும். பல நேரம் அச்சு ஆலைக்குச் சொந்தமில்லை, வாடிக்கையாளருடையது. கழிவுப் பதிவேட்டில் எத்தனை உருப்படி ஏன் எறியப்பட்டது என்பது இருக்கும். விற்பனைப் பட்டியலை விட அது நேர்மையானது. நிற மாதிரிச் சில்லுகள், 25 கிலோ பிசின் மூட்டையின் வெற்றுச் சாக்கு, இயந்திரத்தின் பெயர்த் தகட்டைத் தேய்த்து எடுத்த படி, சம்பள உறை, நோட்டீஸ் பலகையின் புகைப்படம் ஆகியவற்றையும் எடுங்கள்.

கட்டடத்தின் வரைபடம் கிடைத்தால் அதை முதலில் மடியில் கட்டிக்கொள்ளுங்கள். தனித்தனிக் கழிப்பறை, தனித்தனிச் சாப்பாட்டறை, யார் எந்த வாசலில் நுழைந்தார்கள் என்பதெல்லாம் அதில் கோடாகவே நிற்கும். 1956-ஆம் ஆண்டுத் தொழில் இணக்கச் சட்டம் எந்த வேலை எந்த இனத்தாருக்கு என்று ஒதுக்க வழி செய்தது. ஆப்பிரிக்கத் தொழிலாளரை "தொழிலாளர்" என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. இயந்திரத்தை அமைத்து ஓட்டும் செட்டர் ஒரு நிறம், உதவியாள் ஒரு நிறம் என்று இருந்ததற்கு அந்தச் சட்டம் காரணம். 1973 ஜனவரியில் டர்பன் செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரம் முழுவதும் பரவியது. மறு ஆண்டு இரசாயனத் தொழிலாளர் சங்கம் இங்கேயே உருவானது. சங்கத்தின் துண்டறிக்கை எதுவாவது யாருடைய பைபிளுக்குள்ளோ தேவாரப் புத்தகத்துக்குள்ளோ மடித்துக் கிடந்தால் அது பொன். கட்டடமே 60 ஆண்டுக்கு மேல் பழையது என்றால், 1999-ஆம் ஆண்டுத் தேசிய மரபு வளச் சட்டப்படி அனுமதியின்றி இடிக்கக்கூடாது; டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் அமாஃபா என்ற மரபுக் காப்பு அலுவலகத்தில் கேட்கலாம். இடிக்க வருபவர்கள் இதைத் தானாக நினைவுபடுத்த மாட்டார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். விற்பனைக்குப் போன வாளியை விட, அச்சிலிருந்து விழுந்தபடியே இருக்கும் வார்ப்பு மேலானது. திராட்சையைக் காம்போடு கொத்தாகப் பறிப்பது போல, ஸ்ப்ரூ, ரன்னர் என்று சொல்லும் தண்டுகளோடு ஒரு முழு ஷாட்டை, அதாவது ஒரே தடவையில் அச்சிலிருந்து விழுந்த மொத்த வார்ப்பை, எடுத்துவையுங்கள். எத்தனை மூடி ஒரே நேரத்தில் வந்தது, உருகிய பிளாஸ்டிக் எந்த வழியாக ஓடியது, எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். வெட்டிச் சுத்தம் செய்த பிறகு இந்தச் செய்தி, கழிவை மறுபடி அரைக்கும் ரீகிரைண்ட் இயந்திரத்துக்குள் போய்விடும். நிரம்பாமல் பாதியில் நின்ற ஷாட், பிசிறு தொங்கும் ஷாட், எரிந்து கருத்த ஷாட் என்று கெட்டுப்போனவற்றிலும் ஒவ்வொன்று வையுங்கள். அச்சு இரும்பு, ஒரு டன்னுக்கு மேலும் இருக்கும், நீங்கள் தூக்க முடியாது, பழைய இரும்புக் கடைக்காரர் தூக்கிவிடுவார். இரண்டு பாதிகளையும் திறந்துவைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுங்கள். அச்சு எண் படத்தில் விழட்டும்.

காலத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. அடிப்பாகத்தைப் புரட்டுங்கள். பன்னிரண்டு எண் சுற்றியிருந்து நடுவில் அம்பு இருந்தால் அது தேதி வட்டம்: அம்பு காட்டுவது மாதம், நடுவில் ஆண்டு. முக்கோண அம்புக்குள் எண் இருந்தால், அந்தக் குறியீடு அமெரிக்காவில் 1988-இல்தான் தொடங்கியது. அச்சு அதற்குப் பிறகு வெட்டியது, அல்லது திருத்தியது. "தென்னாப்பிரிக்க ஒன்றியம்" என்று பொறித்திருந்தால் 1961 மே 31-க்கு முந்தையது, அன்றுதான் குடியரசானது. விலைப்பட்டியலில் பவுண்டும் ஷில்லிங்கும் இருந்தால் 1961 பிப்ரவரிக்கு முன். ராண்ட் அப்போதுதான் வந்தது. கடிதத் தலைப்பில் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1973-க்குப் பிறகு. கடைப் பைகளுக்கு 2003 ஒரு வெட்டு: அந்த ஆண்டு மே மாதம் மெல்லிய பைகள் தடைசெய்யப்பட்டு, தடித்த பைக்குக் காசு வாங்கத் தொடங்கினார்கள். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் முகமது வல்லி மூசா, வேலிகளில் சிக்கிக் கிடக்கும் பைகளை நாட்டின் "தேசிய மலர்" என்று கேலி செய்திருந்தார். அந்த மலரில் இரண்டு இதழ் எடுத்துவைத்திருக்கிறீர்களா என்று எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள். எல்லாரும் எறிந்துவிட்டார்கள்.

பிசின் மூட்டையின் சாக்கை ஏன் வைக்கச் சொன்னேன் என்றால், இந்த நாட்டுப் பிளாஸ்டிக்கின் பூர்வீகம் அதில் அச்சாகியிருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் வருகிறது. இங்கே 1950-இல் தொடங்கிய சசோல் நிறுவனம், சசோல்பர்க் நகரில் நிலக்கரியிலிருந்து எரிபொருளும் இரசாயனமும் எடுத்தது. பிளாஸ்டிக்கும் அந்தக் கரியிலிருந்து வந்தது. டர்பனிலோ 1954-இலும் 1963-இலும் தொடங்கிய இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளின் புகை மெரிபாங்க், வென்ட்வொர்த் வீட்டுக் கூரைகளின் மேல் இறங்கியது. எந்த ஆலை எந்த மூட்டையை எப்போது வாங்கியது என்பதை ஒரு சாக்கு சொல்லிவிடும். 2017 அக்டோபர் 10 அன்று புயலில் டர்பன் துறைமுகத்தில் கப்பல்கள் மோதி, கொள்கலன்களிலிருந்து சுமார் 49 டன் பாலித்தீன் குருணை கடலில் கொட்டியது. கடற்கரைக்குப் போனால் வெள்ளைக் குருணை இன்னும் கண்ணில் படலாம். கண்ட இடமும் தேதியும் எழுதி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் நாலைந்து போட்டுவையுங்கள்; இதுவும் தொழிலின் வரலாறுதான், தொழில் நடத்தியவர்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

இப்போது மனிதர்கள். ஓய்வுபெற்ற செட்டரிடம் போய் "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று ரெக்கார்டரை நீட்டினால், பேரன் எந்த ஊரில் டாக்டர் என்பதோடு முடித்துவிடுவார். கையில் ஒரு கெட்ட ஷாட்டைக் கொடுங்கள். நான் கொடுத்தேன்.

"அண்ணா, இது எந்த மெஷின் பிழை?"

"மெஷின் பிழை இல்லை, தங்கச்சி. அச்சு தேய்ந்துவிட்டது. இந்த ஓரத்தைத் தடவிப் பார். இந்தப் பிசிறை உன் மேசைக்கு வராமல் மறைக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா?"

அதன் பிறகு அவரை நிறுத்தத்தான் சிரமப்பட்டேன்.

கேட்க வேண்டியவை: ஷிப்டின் முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகும்? கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிறம் மாற்ற எவ்வளவு பிளாஸ்டிக் வீணாகும்? எந்த நாற்றம் வந்தால் ஓடுவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள். பி.வி.சி. அதிகம் சூடானால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், அச்சே துருப்பிடிக்கும். அசிட்டால் என்ற மற்றொரு பிளாஸ்டிக் அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், கண் எரியும். இரண்டும் ஒரே பீப்பாயில் கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. பள்ளியில் இரசாயனம் படிக்காத ஆள் இதை மூக்கால் அறிந்திருப்பார். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கணவரோ மகனோ பக்கத்தில் இருந்தால் சூடான மூடி கொப்புளித்த விரலைப் பற்றியும் மேற்பார்வையாளரைப் பற்றியும் பேச மாட்டார்கள். இசிசூலு (சூலு மொழி) பேசிய சக தொழிலாளிகளைத் தேடிப் போகாமல் நம் ஆட்களை மட்டும் பதிவுசெய்தால், ஆலையில் இருந்த சுவரை நீங்கள் மறுபடியும் கட்டுகிறீர்கள்.

பதிவை வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். போனில் சுருக்கிய கோப்பை மட்டும் நம்பாதீர்கள். தாள்களை 300 டி.பி.ஐ., புகைப்படங்களை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். பேசியவரிடம் கையெழுத்து வாங்குங்கள்: யார் கேட்கலாம், பெயர் போடலாமா என்று. தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சங்கத்தில் இருந்தது, உடல்நலம், இனம் எல்லாம் அதில் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவை.

பொருள்களைப் பாதுகாப்பதில் ஒரு பெரிய பொய்யை முதலில் கழற்றிவைக்க வேண்டும். பிளாஸ்டிக் அழியாது என்கிறார்கள். குப்பைமேட்டில் வேண்டுமானால் அப்படி இருக்கட்டும். அலமாரியில் அது இற்றுப்போகிறது. நான்கு வகை பெரிய தொல்லை: செல்லுலாய்டு, செல்லுலோஸ் அசிட்டேட், மென்மையான பி.வி.சி., பாலியூரிதேன் ஸ்பாஞ்சு.

செல்லுலாய்டு பழைய சீப்பிலும் பொம்மையிலும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்திலும் இருக்கும். கெடும்போது அமிலப் புகை விட்டுப் பக்கத்திலிருக்கும் உலோகத்தை அரிக்கும், சீக்கிரம் தீப்பற்றும். மூடிய டின்னில் அடைக்காதீர்கள், துத்தநாகக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். தனியாக, காற்றோட்டமாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அசிட்டேட் கெட்டால் வினிகர் நாறும். பழைய போட்டோ நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தால், அதை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அமிலம் காட்டும் ஏ-டி பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். நீலம் பச்சையாகி மஞ்சளானால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

பி.வி.சி.க்கு நேர்மாறான வைத்தியம். அதன் மேல் பிசுபிசுவென்று வருவது அதை மென்மையாக்கச் சேர்த்த திரவம். பாலித்தீன் பையிலோ துணியிலோ சுற்றினால் அந்தப் பையோ துணியோ திரவத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஜாடியிலோ பாலியஸ்டர் தாளிலோ மூடிவையுங்கள். பி.வி.சி. வயரை பாலிஸ்டைரீன் பெட்டியோடு சேர்த்து வைத்தால் வயரின் தடம் பெட்டியில் பள்ளமாகப் பதிந்துவிடும். ஸ்பாஞ்சு பொடியாகும், தடுக்க முடியாது, இருட்டில் வைத்துத் தாமதப்படுத்தலாம். எதையும் ஸ்பாஞ்சுக்குள் வைத்துப் பொதியாதீர்கள்.

எது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய நெருப்பு வைத்துப் பார்க்கும் வழி ஆலையில் உண்டு. வீட்டில் வேண்டாம். உடைந்த துண்டைத் தண்ணீரில் போடுங்கள்: பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி., பாலிஸ்டைரீன், பேக்லைட் மூழ்கும். பேக்லைட்டைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் மருந்துக்கடை நெடி வரும். பேக்லைட்டைக் கண்டுபிடித்த பேக்லண்ட் 1907-இல் காப்புரிமை கேட்ட அந்தப் பீனால் நெடிதான். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது. மார்க்கரால் மேலே எண் எழுதக்கூடாது, மை உள்ளே இறங்கும். பருத்தி நாடாவில் அட்டை கட்டுங்கள். ரப்பர் பேண்டும் ஒட்டுநாடாவும் அறவே கூடாது. தாள்களில் உள்ள ஸ்டேபிள்களைக் கழற்றுங்கள். டர்பன் உப்புக் காற்றில் அவை முதலில் துருவாகும். ஃபேக்ஸ் தாள் வெளுத்துப்போகும், இன்றே நகல் எடுங்கள். கேசட்டும் வி.எச்.எஸ். நாடாவும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்; அவையும் பிளாஸ்டிக்தானே. எல்லாவற்றையும் வீட்டின் உள்ளறையில், வெளிச்சுவரில் படாத அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கராஜ் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, யாரிடம் கொடுப்பது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. நகரத்தில் 1860 மரபு மையமும் பழைய நீதிமன்றக் கட்டடத்து உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கின்றன. காகிதம், படம், குரல்பதிவு என்றால் காது கொடுப்பார்கள். ஷாட்டுகளையும் சாக்குகளையும் நீட்டினால் முகம் சுளிக்கலாம்; இடமில்லை என்பார்கள், அது உண்மைதான். பொருள்களுக்கு வெளிநாட்டில் கேட்டுப் பார்க்கலாம்: இங்கிலாந்தின் போர்ன்மத்தில் பிளாஸ்டிக் வடிவமைப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு, அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் சேகரிப்பு உண்டு. ஆனால் ஜேக்கப்ஸின் மூடி போர்ன்மத்தில் இருப்பதை விட இங்கே ஒரு பள்ளி அலமாரியில் இருப்பது எனக்குப் பிடிக்கும். தமிழ்ப் பள்ளிச் சங்கங்களைக் கேளுங்கள். அவர்களிடம் அலமாரி உண்டு, கேட்பவர் இல்லை.

கொடுப்பதற்கு முன் பட்டியல் எழுதுங்கள்: ஒவ்வோர் உருப்படிக்கும் எண், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எப்போது. பட்டியலின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வாங்குபவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் இடம் போதாமல் எதையாவது கழித்தால் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்குச் சம்மதிக்காத இடத்தில் மூலத்தைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள்.